பட்டாளத்தார் சைக்கிள் பழகிய கதை

தையல் வேலை நடக்கிற வீட்டில் பட்டன் டப்பா எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கறுப்பும் வெள்ளையும், பெரிசும் சிறிசும் கலந்து கிடக்கும். கையை விட்டுத் துழாவினால் வேண்டியது அகப்படும். பட்டாளத்தார் வீட்டில் மட்டும் பட்டன்கள் அளவு வாரியாக வரிசையில் நின்றன. நூல்கண்டுகள் நிறம் பார்த்து நின்றன. கத்தரிக்கோல்கள்கூட இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, அதிகாரி வரப்போகிற மாதிரி விறைப்பாகக் கிடந்தன.

"ஏங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், எங்கயாவது ஒரு வேலைக்குப் போங்க" என்பாள் அவர் மனைவி, மிஷினை மிதித்துக்கொண்டே. தெருவே அவளைத் தையலம்மா என்றுதான் கூப்பிடும். "அவசரத்துக்கு ஒரு ஊக்கு எடுக்கறதுக்குக்கூட உங்க அணிவகுப்பைக் கலைக்க வேண்டியிருக்கு."

பட்டாளத்தார் சிரிப்பார். ஆனால் காலை நேரத்தில் அந்தச் சிரிப்பு வராது. அந்த நேரத்தில் தெருவில் உள்ள ஆண்களும் பெண்களும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். "நேரமாச்சு, நேரமாச்சு" என்று அலுத்துக்கொண்டு ஓடுவார்கள். பட்டாளத்தார் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேரமாச்சு என்று அலுத்துக்கொள்வதற்கு ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அவருக்குத் தோன்றும். இவருக்கோ நேரம் ஆகவே ஆகாது. காலையில் கிளம்பிச் சாயந்திரம் திரும்பி வருகிற மனுஷனாக ஆக வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. தினமும் கடவுளிடம் அதைத்தான் கேட்டார்.

அவர் பிறந்தது ஒரு குன்றுச் சரிவில். வீட்டை விட்டு எங்கே போனாலும் படிக்கட்டு. தண்ணீருக்குப் படி, கடைக்குப் படி, பள்ளிக்கூடத்துக்குப் படி. சக்கரம் வைத்த எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மீசை அரும்பியதும் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே போனதுமே லாரி ஓட்டப் பழக்கினார்கள். முன்னும் பின்னுமாகச் சக்கரம் நிறைந்த பெரிய லாரி. அரிசி மூட்டை, மருந்துப் பெட்டி, ஆட்கள் என்று எதை ஏற்றினாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இவர் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவன் குறட்டை விடுவான் என்று பேர் வாங்கியவர்.

ஒருநாள் மத்தியானம், புதைத்து வைத்திருந்த கண்ணிவெடி மேல் முன்சக்கரம் ஏறிவிட்டது. லாரி போயிற்று. இவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. உயிரை மட்டும் கடவுள் கையைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் பட்டாளத்தார் படுத்தபடியே கைகூப்பிச் சொன்னார்: "சாமி, மிச்சம் வச்சதுக்குக் கோடி நமஸ்காரம். இந்தக் காலைச் சொல்லி எனக்கு நியாயமா வர்றதை வாங்கிக்குவேன். வராத ஒண்ணை இதைக் காட்டி வாங்க மாட்டேன்."

பிறகு செயற்கைக் கால் பொருத்தினார்கள். அதற்கு அவர் வைத்த பேர் ஸ்டெப்னி. "ஒரு டயர் வெடிச்சா ஸ்டெப்னி மாட்டறது இல்லையா, அது மாதிரிதான்" என்பார். காலையில் எழுந்ததும் "ஏம்மா, என் ஸ்டெப்னியைப் பாத்தியா?" என்று கேட்பார். "கட்டிலுக்குக் கீழ பார்க்கிங்ல இருக்கு" என்று பதில் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் நில அளவை அலுவலகத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருப்பதாக அறிவிப்பு வந்தது. பட்டாளத்தில் உடம்பு குறைபட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த வேலையில் முன்னுரிமை. தகுதி உள்ளவர் ஒருவர் வந்தால் அவருக்குத்தான். யாரும் தேறாவிட்டால் மட்டும் பொதுவில் வேறு ஆளுக்குப் போகும். வயது வரம்பைப் பார்த்தால், சலுகை எல்லாம் சேர்த்தும், பட்டாளத்தாருக்கு அந்த வருஷத்தோடு கதவு மூடிவிடும்.

தகவலைக் கொண்டுவந்தது தையலம்மாவின் தம்பி, பஸ் கண்டக்டர். வாயையும் விசிலையும் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஆள்.

"மச்சான், அடிச்சீங்க யோகம்! கால் போனதுக்கு கவர்ன்மெண்ட் வேலையா? நல்ல எக்ஸ்சேஞ்சா இருக்கே!"

"உனக்கும் வேணும்னா சொல்லு மாப்ள. எந்த இடம்னு வழி சொல்றேன். போய் ஒரு மிதி மிதிச்சிட்டு வந்துடு" என்றார் பட்டாளத்தார்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பட்டாளத்தாருக்கு அந்த முன்னுரிமையை வாங்க ஒரு கூச்சமும் இல்லை. அது நியாயமாக வருகிறது. வருவதை வாங்கிக்கொள்வதாகத்தானே வாக்கு.

எழுத்துப் பரீட்சை நன்றாக எழுதினார். சான்றிதழ்களைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், சரி என்றார்கள். கடைசியாக அலுவலகத்தின் தலைமை எழுத்தர் முன்னால் உட்காரவைத்தார்கள். அவர் சட்டதிட்டப் புத்தகத்தை வேதம் மாதிரி வைத்திருப்பவர். அதற்கு உறைகூடப் போட்டிருந்தார். ஆனால் மனசு நல்ல மனசு.

"எல்லாம் சரியா இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கி. இந்த வேலைக்கு சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்னு பழைய விதி ஒண்ணு இருக்கு. இப்ப யாருங்க சைக்கிள்ல தபால் எடுத்துட்டுப் போறாங்க? ஆனா விதி இருக்கே. உங்களுக்கு அது தடை இல்லை. உடற்குறையால ஓட்ட முடியலைன்னா விலக்கு உண்டு. 'கால் காரணமா ஓட்ட இயலாது'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது வேலை."

பேனாவைத் திறந்து கையிலேயே கொடுத்துவிட்டார். பட்டாளத்தார் வாங்கினார். காகிதத்தில் வைத்தார். பேனா நகரவில்லை.

"ஐயா, அது கால் காரணமா இல்லைங்க."

"பின்னே?"

"ரெண்டு காலும் இருந்தப்பவே எனக்கு சைக்கிள் தெரியாதுங்க."

தலைமை எழுத்தர் நெற்றியில் கை வைத்தார். கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "ஐயோ, ஏங்க அதைச் சொன்னீங்க? யாரு கேட்டா?"

"பொய்க் கையெழுத்து ஆயிடும்ங்களே."

"நான் கேக்காம இருந்திருப்பேனே! இப்ப காதுல விழுந்துடுச்சே! காதுல விழுந்ததை நான் எப்படி விழாத மாதிரி வச்சுக்கறது?" உண்மையாகவே தவித்துப்போனார் மனிதர். உறையைப் பிரித்துப் புத்தகத்தைப் புரட்டினார். "பாருங்க, உடற்குறையால் இயலாதவருக்கு விலக்கு. பழகாதவருக்கு விலக்கு இல்லை. நீங்க இயலாதவரா, பழகாதவரா?"

"பழகாதவன்ங்க."

"ரெண்டு வாரம் டைம் தர எங்க அதிகாரி அம்மாவுக்கு அதிகாரம் இருக்கு. நானே போய்க் கேக்கறேன். பழகிட்டு வந்து ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா இந்த இடம் பொதுவுக்குப் போயிடும். கடவுள் உங்க பக்கம் இருக்கட்டும்."

பட்டாளத்தார் வீட்டுக்கு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தையலம்மா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் சைக்கிள் நல்ல நிலையில இருக்கா?"

"எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னார். மிஷின் நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சைக்கிளில் போவாள், இவர் பக்கத்தில் நடந்து வருவார். 'பட்டாளத்தான் நடந்தாத்தான் பட்டாளத்தான்' என்று மார்பை நிமிர்த்திச் சொல்லுவார். அவளும் எவ்வளவு பெருமையாக அதை அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்! இப்போது அவரைப் பார்த்தாள். வாயில் கடித்திருந்த நூல் கீழே விழுந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத்தனை சக்கரம் வச்ச லாரியை ஓட்டினவருக்கு ரெண்டு சக்கரம் வராதா?"

"லாரி நின்னா நிக்கும்டி. இது நின்னா விழுது. இது ஒரு வண்டியா?"

"அது சரி, அந்த ஐயாவே பேனாவைக் கையில குடுத்தாரு. எழுதிட்டு வராம..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவர் கைகூப்பியபோது தலைமாட்டில் நின்றவள் அவள்தான். பாவாடையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். "சரி, விடிஞ்சதும் பள்ளிக்கூட மைதானம். நான் பிடிச்சுக்கறேன். நீங்க மிதிங்க."

மறுநாளே ஆரம்பமானது. அவளுடைய சைக்கிளில் நடுவில் பார் கிடையாது. அதனால் வலது காலைத் தூக்கி ஏறுவது சுலபமாக இருந்தது. ஆனால் ஸ்டெப்னி பெடலில் நிற்கவில்லை. ஒரு சுற்று சுற்றினால் நழுவிக் கீழே தொங்கியது. தையலம்மா ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கெட்டித் துணியில் எலாஸ்டிக் வைத்து, செருப்பு வார் மாதிரி ஒன்று தைத்துக்கொண்டு வந்து பெடலில் கட்டினாள். ஸ்டெப்னி அதற்குள் போய்ச் சொன்னபடி உட்கார்ந்துகொண்டது.

ஒரு சங்கடம் தீர்ந்தால் அடுத்தது. நிறுத்தும்போது அவர் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. இடது கால்தான் வாருக்குள் இருக்கிறதே, தரையில் ஊன்ற வராது. தடால் என்று மண்ணில் விழுவார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பார். லாரிக்காரப் புத்தி.

கண்டக்டரும் வேலைக்குப் போகிற வழியில் மைதானத்துக்கு வந்துவிடுவார். "ரெண்டு விசில்னா போகலாம். ஒரு விசில்னா ஸ்டாப். பஸ்ஸுக்கு எப்படியோ மச்சானுக்கும் அப்படித்தான்." இரண்டு விசில் ஊதினால் பட்டாளத்தார் மிதிப்பார். ஒரு விசில் ஊதினால் பிரேக்கைப் பிடிப்பார். தையலம்மா ஓடிவந்து பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்வாள். சைக்கிள் விழாமல் நிற்கும். இவர் நிதானமாக வாரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குவார்.

தெருக்காரர்களும் கூடிவிட்டார்கள். பால் வாங்கப் போன பெண்கள் பால் கொதிக்கிற நேரம் தாண்டியும் நின்றார்கள்.

"உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க, வண்டி வருது" என்று கண்டக்டர் கூட்டத்தை ஒதுக்கினார்.

"தையலம்மா, புருஷனை இப்படி ஓட விடறியே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"நான் எங்க ஓட விட்டேன்? அவரு உக்காந்து வர்றாரு. ஓடறது நான்தான்!" என்று மூச்சிரைக்கப் பதில் சொன்னாள் அவள்.

கெடு நெருங்கும்போது பட்டாளத்தார் ஒரு வளைவு, இரண்டு வளைவு என்று அழகாக ஓட்டினார். தனியாக நிறுத்திப் பழகுவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார்கள். விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் பரீட்சைக்கே போக முடியாதே என்று பயம். அப்படியே பரீட்சை நாளும் வந்துவிட்டது.

அன்றைக்கு வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பட்டாளத்து மெடல், கையில் அந்த வார். கேட்டில் காவல்காரர் தையலம்மாவையும் தம்பியையும் நிறுத்திவிட்டார். "பரீட்சைக்கு வந்தவங்க மட்டும்தான் உள்ள. நீங்க இங்கயே நின்னு பாருங்க."

அலுவலகத்துக்கு என்று ஒரு சைக்கிள் இருந்தது. பரீட்சைக்கு மட்டும்தான் அதைக் கொட்டகையிலிருந்து எடுப்பார்கள். அன்றைக்குத்தான் காற்று அடித்திருந்தார்கள். பட்டாளத்தார் அதை மேலும் கீழும் பார்த்தார். நடுவில் பார் வைத்த உயரமான சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் தரை காலுக்கு எட்டாது.

ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசல் படி ஓரமாக நிறுத்தினார். வாரைப் பெடலில் கட்டினார். படிமேல் ஏறி நின்று, அங்கிருந்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து பழகிய படிக்கட்டு அன்றைக்கும் கை கொடுத்தது.

அதிகாரி அம்மா வராந்தாவில் நின்றார். பக்கத்தில் தலைமை எழுத்தர், அவர் கையில் உறை போட்ட புத்தகம்.

"கட்டடத்தை ஒரு சுத்து சுத்திட்டு இங்க வந்து இறங்குங்க, போதும்" என்றார் அதிகாரி அம்மா.

பட்டாளத்தார் மிதித்தார். முதலில் கொஞ்சம் தள்ளாடிற்று. அப்புறம் நேராயிற்று. கட்டடத்துக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளியே வந்தார். முதுகு நிமிர்ந்து, முகத்தில் அந்தப் பழைய லாரிக்காரர் களை. ஜன்னல்களில் எட்டிப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

"ரொம்ப நல்லாருக்கு. இறங்கலாம்" என்றார் தலைமை எழுத்தர்.

"சரிங்க ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பட்டாளத்தார் அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

இரண்டாவது சுற்று வந்தது.

"போதுங்க, இறங்குங்க!"

"இறங்கற பாடம்..." என்று சொன்னபடி பட்டாளத்தார் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபக்கம் வந்ததும் மீதியைச் சொன்னார்: "...இன்னும் வரலைங்க!"

"அப்ப எப்படித்தான் இறங்குவீங்க?"

"அதைத்தாங்க யோசிச்சிட்டே..." மறைந்தார். "...சுத்திட்டிருக்கேன்!"

தலைமை எழுத்தர் புத்தகத்தால் விசிறிக்கொண்டார். அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கவலையும் வந்தது. "யாராவது பிடிங்க, விழுந்துடப் போறாரு" என்றார். ஆனால் எங்கே பிடிப்பது, எப்போது பிடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பியூன் ஒருவர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். சைக்கிள் நேராக வருவதைப் பார்த்ததும் தாமே ஒதுங்கிக்கொண்டார். பட்டாளத்தாருக்கு வலது தொடை வலிக்க ஆரம்பித்தது. எந்த வேகத்தில் விழுந்தால் சட்டை கிழியாது என்று கணக்குப் போட்டார். வேலை கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, அவள் கண் முன்னால் விழாமல் இருக்க வேண்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டார்.

கேட்டில் நின்ற கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிவிட்டார். ஒரே ஒரு விசில்.

பட்டாளத்தாரின் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. பழக்கம்! பிடித்த பிறகுதான் பின்னால் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சைக்கிள் மெதுவாயிற்று. இடது பக்கம் சாயத் தொடங்கிற்று.

"அடப்பாவி, கெடுத்தியேடா!" என்று தம்பியை ஒரு கத்து கத்தினாள் தையலம்மா. காவல்காரர் தடுக்கக் கை நீட்டினார். அந்தக் கைக்கு அடியில் குனிந்து ஓடினாள். அளவெடுக்கிற டேப் கழுத்தில் பறந்தது. செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. சைக்கிள் சாய்ந்த நேரத்துக்குக் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

வண்டி நின்றது. பட்டாளத்தார் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிடி யார் பிடி என்று அவருக்குத் தெரியாதா? "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"வராம? இறங்குங்க, கை வலிக்குது."

காலை வாரிலிருந்து விடுவித்து, அவள் தோளைப் பிடித்து இறங்கி, அதிகாரி அம்மா முன்னால் விறைப்பாக நின்றார். அந்த அம்மா முகத்தைக் கடினமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்.

"உங்களுக்குச் சொந்தமா நிறுத்தத் தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா. கத்துக்குவேன்."

தலைமை எழுத்தர் இன்னொரு தரம் நெற்றியில் கை வைத்தார். அதிகாரி அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அந்த விதியை அப்படியே வாசிங்க."

உறையைப் பிரித்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "'சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்கம்மா."

"நிறுத்தறதைப் பத்தி?"

தலைமை எழுத்தர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. வாழ்நாளில் அந்தப் புத்தகம் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. "நிறுத்தறதைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லைங்கம்மா! ஓட்டினாரு. நாம எல்லாரும் பாத்தோம். வேணுங்கறதுக்கு மேலயே ஓட்டினாரு!"

"அப்ப என்ன? திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார் அதிகாரி அம்மா. சொன்ன பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே கண்டக்டர் இரண்டு விசில் ஊதினார்.

திங்கட்கிழமை காலையில் பட்டாளத்தார் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நேரமாச்சு, நேரமாச்சு" என்று அலுத்துக்கொண்டார். ஸ்டெப்னியைத் தடவிக் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டார். உள்ளே தையலம்மா பட்டன் டப்பாவை ஆசை தீரக் கலைத்துப் போட்டாள். அன்றைக்கு மத்தியானமே வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று தம்பியிடம் சொன்னாள்.

கொட்டகையில் கிடந்த அலுவலக சைக்கிள் வெளியே வந்தது. பட்டாளத்தார் அதற்கு எண்ணெய் போட்டு, மணியை மாற்றி, சீட்டை இறக்கி, தினமும் தபாலுக்கு எடுத்துப் போனார். பரீட்சைக்குப் புதியவர்கள் வந்தால், "பயப்படாம மிதிங்க, நிறுத்தறப்ப நான் பிடிச்சுக்கறேன்" என்று படி ஓரத்தில் போய் நிற்பார்.

வீட்டுக்கும் சைக்கிளில்தான் வருகிறார். பழைய சைக்கிள் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டார். தெருமுனை திரும்பும்போதே மணி அடிப்பார். தையலம்மா மிஷினை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடி வந்து கேரியரைப் பிடிப்பாள். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

ஒருநாள் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருஷமா ஓட்டறீங்க. ஆபீஸ்ல நீங்க நிறுத்தறப்ப யாரு பிடிக்கறாங்க?"

பட்டாளத்தார் வாரிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். பொய் சொல்ல அவருக்கு வராதே.

"அங்க அதுவா நின்னுடுதும்மா" என்றார்.

தையலம்மா கேரியரை விடவில்லை.

"சரி, இறங்குங்க. காபி ஆறுது."